டவரும் ஆன்டெனாதான்!

கடலூரில் கடலுக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் ஒரு வீடு. மொட்டை மாடியில் முப்பதடி உயரத்துக்கு முக்கோண இரும்பு டவர் ஒன்று நிற்கிறது. "செல்போன் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருக்கீங்களா, மாசம் எவ்வளவு வருது?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, "வரவு ஒண்ணும் இல்லீங்க, எல்லாம் செலவுதான்" என்பார்.

அவர் தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஹாம் ரேடியோக்காரர். மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென்று ஓர் அழைப்புக் குறியோடு வானலையில் பேசுகிறவர். இது அவருக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை.

2011 டிசம்பர் 30 அன்று அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் வரிசையாக மடிந்தன. கரன்ட் இல்லை, போன் இல்லை. சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு, தம்பி குடும்பம் என்ன ஆனது என்று மூன்று நாள் தெரியவில்லை. மூன்றாம் நாள் யாரோ பைக்கில் வந்து பார்த்துவிட்டுப் போய்ச் சொன்ன பிறகுதான் அந்த அம்மாள் சாப்பிட்டாராம். வாழ்நாள் முழுக்க ஊருக்கெல்லாம் போன் இழுத்துக் கொடுத்தவருக்கு அது பெரிய குத்தல்.

2004 டிசம்பர் 26-ல் சுனாமி அடித்தபோது, ஹாம் ரேடியோ குழு ஒன்றோடு அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தார் பாரதி பிரசாத். தீவின் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்ட நிலையில் அந்தக் குழு தன் வேலையை விட்டுவிட்டு, உறவினரைத் தேடும் மக்களுக்கான செய்திகளைக் கடத்தியது. எங்கோ படித்த அந்தச் செய்தி லைன்மேனின் நினைவுக்கு வந்தது. அவர் தேர்வு எழுதினார். அக்கா மகனையும் எழுத வைத்தார். அடுத்த புயலுக்குக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு குரலாவது போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் சுமார் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு செங்குத்துக் குச்சி. அதன் அடியில் நான்கு பக்கமும் குடைக் கம்பிபோல் நான்கு குச்சிகள். இதற்குப் பெயர் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா.

கண்ணாடி மேல் ஒரு தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைத்தால் முழுத் தேங்காய்போலத் தெரியும் இல்லையா? அதே வித்தைதான். மின்சாரம் நன்றாகக் கடத்தும் தளம் ரேடியோ அலைக்குக் கண்ணாடி. கால் அலை நீளக் குச்சியின் பிம்பம் அதில் விழ, அரை அலை நீள முழு ஆன்டெனாவாக அது வேலை செய்யும். டவரில், அந்தரத்தில், கண்ணாடிக்கு எங்கே போவது? அந்த வேலையைத்தான் கீழே உள்ள ரேடியல் குச்சிகள் பார்க்கின்றன. அவற்றைப் படுக்கையாக நீட்டினால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் 50 ஓமுக்கு நன்றாகக் கீழே இருக்கும். 45 டிகிரி சரித்துவிட்டால் 50 ஓமுக்கு அருகே வந்து, 50 ஓம் கேபிளோடு பொருந்திவிடும்.

தரையில் நிற்கும் ஆன்டெனாவுக்கு எத்தனை ரேடியல் வேண்டும் என்பதை 1937-லேயே அமெரிக்காவில் ஜார்ஜ் பிரவுனும் கூட்டாளிகளும் அளந்து எழுதினார்கள். மண்ணுக்குள் சக்கரத்தின் ஆரங்கள்போலக் கம்பிகளைப் புதைத்துப் பார்த்த ஆய்வு அது. வானொலி நிலைய டவரைச் சுற்றி 120 கம்பி புதைக்கும் வழக்கம் அங்கிருந்துதான் வேரூன்றியது. உயரத்தில் வைக்கும் சிறிய ஆன்டெனாவுக்கு இரண்டே ரேடியல் போதும் என்று பிரவுன் செய்து காட்டியதாகவும், 'இரண்டு குச்சி இருந்தால் நாலு பக்கமும் சமமாகப் போகும் என்று எவன் நம்புவான்' என்று விற்பனைப் பிரிவினர் இன்னும் இரண்டைச் சேர்த்ததாகவும் ஒரு கதை அந்தத் துறையில் பிரபலம்.

கடலூர்க்காரர் நான்கு குச்சிதான் வைத்தார். டவர் உச்சியில் இடிதாங்கி இருப்பதால், உச்சிக்குச் சற்றுக் கீழே, வடக்குப் பக்கம் அரை மீட்டர் நீளக் கை ஒன்று நீட்டி, அதில் ஆன்டெனாவைப் பொருத்தினார். எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் அருமையாகக் காட்டியது. புதுச்சேரி நண்பர்கள் "பக்கத்து ரூம்ல பேசற மாதிரி இருக்கு" என்றார்கள். சிதம்பரத்தில் மட்டும் இரைச்சல்.

கேபிளை மாற்றினார். அக்கா மகனின் செட்டைச் சந்தேகப்பட்டார். மாமனுக்கும் மருமகனுக்கும் லேசாக மனத்தாங்கல்கூட வந்தது. மீட்டர்தான் நன்றாகக் காட்டுகிறதே! ஆனால், அந்த மீட்டர் சொல்வது, அனுப்பிய சக்தி செட்டுக்குத் திரும்பி வருகிறதா இல்லையா என்பதை மட்டும்தான். போன சக்தி எந்தத் திசைக்குப் போனது என்பது அதற்குத் தெரியாது. சக்தியை வெறும் சூடாக்கி வீணடிக்கும் டம்மி லோடை மாட்டினாலும் அது 'பிரமாதம்' என்றே காட்டும்.

செமஸ்டர் லீவில் வந்தாள் மகள். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். லேப்டாப்பில் 4நெக்2 என்ற இலவச சாஃப்ட்வேரை ஏற்றினாள். அதன் உள்ளே ஓடுவது அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1981-ல் ஆவணமாக்கப்பட்ட நெக்-2 என்ற கணக்குமுறை. கம்பிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எவ்வளவு மின்னோட்டம், அது மற்ற எல்லாத் துண்டுகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஒரே மூச்சில் தீர்த்துவிடும். துண்டு ஒவ்வொன்றும் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது.

தரை என்ன என்றும் அது கேட்கும். தரையே இல்லாத வெட்டவெளியா, குறையே இல்லாத கற்பனைத் தரையா, நிஜ மண்ணா? நிஜ மண் என்றால் அதன் மின்கடத்தும் தன்மையைச் சொல்ல வேண்டும். சராசரி மண்ணுக்கு 0.005 என்று போடுவது வழக்கம். கடல் தண்ணீருக்கு 5. ஆயிரம் மடங்கு!

ஐந்து குச்சிகளை மகள் வரைந்தாள். பட்டனைத் தட்டினாள். திரையில் வட்டமாக, அப்பளம்போல ஒரு படம் வந்தது. எல்லாத் திசைக்கும் சமம்.

"பார்த்தீங்களாப்பா, உங்க ஆன்டெனா கரெக்ட்டாதான் இருக்கு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தார். "ஏம்மா, டவர் எங்க?"

"ஆன்டெனாவைத்தானே போடச் சொன்னீங்க?"

"அது காத்துல தொங்குதா?"

மகள் சிரித்துவிட்டாள். ஆனால், அந்தக் கேள்விதான் விஷயமே. முழு நாள் உட்கார்ந்து டவரைச் சேர்த்தாள். மூன்று கால்கள், குறுக்குக் கம்பிகள், சாய்வுக் கம்பிகள். அப்பா மாடிக்கும் ஹாலுக்கும் டேப்போடு ஏறி இறங்கினார். துண்டுகளின் எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கியது.

இப்போது வந்த அப்பளத்தை யாரோ ஒரு கடி கடித்திருந்தார்கள். கடித்த இடம் தெற்கு. சிதம்பரத்தின் திசை! அங்கே போகிற சக்தி, எதிர்ப்பக்கம் போவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

காரணம் எளிது. பக்கத்தில் நிற்கும் இரும்பு, ஆன்டெனாவின் அலையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்காது. அதிலும் மின்னோட்டம் பிறக்கும். அதுவும் தன் பங்குக்கு அலையைப் பரப்பும். இரண்டும் ஒரு பக்கம் கூடும், மறுபக்கம் ஒன்றையொன்று அழிக்கும். டவர் வெறும் தாங்குகிற கால் இல்லை. அதுவும் ஆன்டெனாதான்.

இதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. முதலில் வந்த முழு அப்பளமும் தப்பான கணக்கு இல்லை. இத்தகைய சாஃப்ட்வேரில் ஒரு சோதனை உண்டு. ஆன்டெனாவுக்குக் கொடுத்த சக்தியும், நாலாபக்கமும் போன சக்தியின் கூட்டுத்தொகையும் ஒன்றா என்று பார்ப்பது. வெட்டவெளியில், இழப்பில்லாத கம்பிகளுக்கு விடை 1 வந்தால் கணக்கு நேர். டவர் இல்லாத படத்துக்கும் 1, டவர் உள்ள படத்துக்கும் 1. வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரிதான். வரவும் செலவும் டேலி ஆகிவிட்டது என்பதால் எல்லாவற்றையும் எழுதிவிட்டோம் என்று அர்த்தமில்லை. எழுதாமல் விட்ட கைமாற்றைக் கூட்டல் கண்டுபிடிக்காது. மாடியில் ஏறிப் பார்த்தவர்தான் கண்டுபிடிப்பார்.

அதன் பிறகு வீடே கம்பி தேட ஆரம்பித்தது. ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கேபிளின் வெளிப்பக்கமும் ஒரு கம்பிதான். அடைத்து வைக்காவிட்டால் அதிலும் மின்னோட்டம் வழியும். ஆன்டெனாவுக்கு அடியிலேயே கேபிளில் ஃபெரைட் வளையங்களைக் கோத்து அதற்குக் கடிவாளம் போட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டைச் சேர்த்தார்கள்.

"என் கொடிக்கம்பி?" என்றார் அம்மா, சமையலறையிலிருந்து. "டவர் கால்லதானே கட்டியிருக்கு?"

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதுவும் சேர்ந்தது. படம் அசையவில்லை. செங்குத்து ஆன்டெனாவுக்கு வெகு கீழே, படுக்கையாகப் போகும் கம்பி அது. துணி காயப்போடும் கம்பி நிரபராதி என்று தீர்ப்பானது. அம்மா, "கேட்டுக்கறது நல்லதுதானே" என்றார்.

சிகிச்சை என்ன? ஆன்டெனாவை உச்சிக்கு ஏற்றலாம். ஆனால், இடிதாங்கியை எடுக்க அப்பா சம்மதிக்கவில்லை. அந்த எர்த் கம்பி மின்னலை மண்ணுக்குள் இறக்குவதற்கு. ஆன்டெனாவின் கிரவுண்ட் பிளேன் அலைக்குக் கண்ணாடி காட்டுவதற்கு. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விட முடியாது.

கையைத் தெற்குக்கு மாற்றினால் பள்ளம் வடக்கே புதுச்சேரிக்குப் போய்விடும். மகள் திரையில் கையை ஒவ்வொரு திசையாகத் திருப்பினாள். மேற்கே நீட்டியபோது பள்ளம் கிழக்கே விழுந்தது. கிழக்கே இருப்பது வங்காள விரிகுடா. வடக்கும் தெற்கும் ஓரளவு சமமாக, பேசுவதற்குப் போதுமானதாக இருந்தன.

"கடல்ல போறவங்களுக்கு?" என்றார் அவர் சட்டென்று.

"அவங்க செட் வேற அலைவரிசைப்பா. இதுல அவங்க வர மாட்டாங்க."

அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே, இடுப்பில் பெல்ட் கட்டிய ஆள் ஒருவர் ஏறி, கையை மேற்குப் பக்கம் மாற்றினார். அன்று மாலை சிதம்பரத்திலிருந்து அக்கா மகனின் குரல் வந்தது. புதுச்சேரி அளவுக்குக் கணீர் இல்லை. ஆனால், சொல் சொல்லாகப் புரிந்தது. பின்னால் இன்னொரு குரல் கேட்டது: "தம்பிதானா? நல்லாருக்கானான்னு கேளு."

அந்த மாதிரிக் கோப்பு இப்போதும் லேப்டாப்பில் இருக்கிறது. மகள் கல்லூரிக்குப் போய்விட்டாலும், மாடிகளில் எதை மாற்றினாலும் அவளுக்கு அளவு போய்விடும். போன மாதம் வந்த சோலார் தண்ணீர் ஹீட்டரின் இரும்புச் சட்டமும் அப்படித்தான் உள்ளே ஏறியது.

பக்கத்து வீட்டில் மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டவருக்குத் தென்மேற்கே, இருபதடி தூரம். காங்கிரீட் போடுவதற்குள் அளந்துவிட வேண்டும் என்று டேப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார் அந்த லைன்மேன்.