கச்சான் காற்றும் கேமிங் மவுஸும்

கற்பிட்டியில் என்னிடம் கொம்பியூட்டர் திருத்தப் பழக வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, கேம் விளையாட எந்த மவுஸ் நல்லது என்றுதான். கேட்கும்போதே கண் பெட்டியில் அச்சிட்ட டிபிஐ எண்ணில் இருக்கும். லொஜிடெக் ஜி102 8,000 வரை போகும், ரேசர் டெத்தாடர் வி2 20,000 வரை போகும். ஆனால் வெலோரன்ட் நன்றாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் 400க்கும் 1,600க்கும் இடையில்தான் வைத்திருப்பார்கள். அந்த எண்ணை விடுங்கள், கையைப் பாருங்கள்.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மாஸ்டர் ரேடியோ திருத்தியவர். எதையும் திறக்குமுன் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். மவுஸுக்கும் அதுவே முறை. உள்ளங்கை முழுதும் படியப் பிடிப்பவருக்கு டெத்தாடர் போல முதுகு உயர்ந்தது சுகம். விரலை மடித்து நுனியால் பிடிப்பவருக்கு ஜி102, ரேசர் வைப்பர் மாதிரித் தட்டையானவை. வலை இழுத்து அகன்ற கைக்கு ஜி102 போதாது. சுண்டுவிரல் மேசையில் உராயும், கொஞ்ச நேரத்தில் மணிக்கட்டு நோகும்.

அடுத்தது சுவிட்ச். கொழும்பில் இருப்பவர்கள் இதைப் பெரிதாக நினைப்பதில்லை. உப்பு விளையும் இந்தக் கரையில் நினைத்தே ஆகவேண்டும். கச்சான் அடிக்கும் மாதங்களில் உப்பு ஈரம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். சுவிட்சுக்குள் மெல்லிய செப்புத் தகடு ஒன்று தொட்டுத் தொட்டு விலகும். அதில் ஓடும் மின்சாரம் மிகக் கொஞ்சம், முனையில் படிந்த களிம்பைத் துளைத்துப் போகாது. ஒருதரம் அழுத்தினால் இரண்டுதரம் பதிவது பெரும்பாலும் இதனால்தான்.

களிம்பை எடுக்க எண்ணெய் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தூசி வந்து ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்து வழுக்குத் துண்டுகளை லேசாகச் சூடுகாட்டிக் கிளப்புங்கள், ஸ்க்ரூ அதற்கடியில் இருக்கும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் சுவிட்சின் மூடியைத் திறவுங்கள், கடுகளவு பட்டன் தெறித்தால் கண்ணில் படும். ஐசோபுரோப்பில் அல்ககோல் தோய்த்த கடதாசிக் கீலத்தை இரு முனைகளுக்கும் நடுவே விட்டு மெதுவாக இழுங்கள். தகட்டைத் திரும்பக் கொளுவுவதுதான் பாடு. முன்பக்கம் மாட்டியதும் நடுநாக்கு வளைந்து பள்ளத்தில் உட்காரவேண்டும். மாஸ்டர் அதைப் பார்க்கவே மாட்டார். ‘டிக்’ என்ற சத்தம் கேட்டால் போதும் அவருக்கு. என் விரலுக்கு அது பிடிபடப் பல கச்சான் காலம் போனது. அவசரப்பட்டுத் தகட்டை நெளித்தால் புது சுவிட்ச்தான், மூன்று காலையும் ஈயம் உருக்கிக் கழற்றவேண்டும்.

2019இல் வந்த வைப்பரிலும் 2020இல் வந்த டெத்தாடர் வி2இலும் கிளிக் சுவிட்ச் ஒளியால் வேலை செய்கிறது. உலோக முனை தொடாததால் களிம்புக்கு அங்கே வேலையில்லை. வயர் இல்லாத லொஜிடெக் ஜி304 எடுப்பவர்கள், விளையாடாத நாட்களில் அதன் ஏஏ பெட்டரியைக் கழற்றி வையுங்கள், களிம்பு பெட்டரி முனையிலும் படியும்.

காசு இருந்தால், பெரிய கைக்கு டெத்தாடர் வி2, விரல் நுனியால் பிடிப்பவருக்கு வைப்பர். இல்லாவிட்டால் ஜி102ஐயே எடுங்கள், கூடவே இரண்டு சுவிட்சும் வாங்கி வையுங்கள். மாற்றத் தெரியாவிட்டால் கடைக்கு வாருங்கள், பக்கத்தில் இருத்திக் காட்டித்தருகிறேன்.