உது

பணி ஓய்வு விழாவில் ஒருவர் என்னை ‘முகாம் பிள்ளைகளுக்கு அம்மா மாதிரி’ என்று புகழ்ந்தார். கை தட்டினார்கள். எனக்கு மட்டும் ஆறாம் வகுப்பு ‘பி’ பிரிவு ஞாபகத்துக்கு வந்தது.

ஆலங்குடிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை நான். தோப்புக்கொல்லை அகதி முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு அலையலையாகக் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அந்த ‘பி’ பிரிவில் இருந்த ஒரு முகாம் சிறுமி பிறந்தது புதுக்கோட்டை ராணியார் ஆஸ்பத்திரியில். ஆனால் 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதனால் அவளும் அகதிதான்.

அன்று சுட்டெழுத்து நடத்தினேன். அ, இ, உ. “உ இப்போ வழக்கில் இல்லை” என்று சொல்லி, பலகையில் அதன்மேல் ஒரு கோடு இழுத்தேன். கடைசி பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள்.

“எங்கட அம்மம்மா உது எண்டுதானே சொல்லுறவ, ரீச்சர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? “பரீட்சையில அப்படி எழுதி வைக்காதே” என்றேன்.

தொல்காப்பியர் சொன்ன மூன்றாவது சுட்டு, முன்னால் நிற்பவர் பக்கத்தில் இருப்பதைக் காட்டும் சொல், என் வகுப்பில் உயிரோடு எழுந்து நின்றது. அது எனக்குத் தெரியாததும் இல்லை. எம்.ஏ.வில் படித்ததுதான். சிரிப்பு முந்திக்கொண்டது.

பிறகு ஆண்டுதோறும் முகாம் மாணவிகளைத் தனியே உட்கார வைத்துத் தன்னம்பிக்கைப் பேச்சு பேசினேன். ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்த நம்மூர் முத்துலட்சுமி ரெட்டி கதை தவறாமல் வரும். கேளம்பாக்கத்தில் தங்கியிருக்கும் ரோஹிங்கியா சிறுமிகளைப் பற்றிப் பத்திரிகையில் படித்துவிட்டு, ‘பாவம், தெரியாத மொழியில் படிக்கிறதுகளே’ என்று வீட்டில் உருகினேன். என் வகுப்பிலோ ஒருத்தி தெரிந்த மொழியிலேயே வாய் திறக்கவில்லை. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். கூச்ச சுபாவம் என்று மற்ற ஆசிரியர்களிடம் சொல்லி வைத்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தாள்.

“போயிட்டு வர்றேன் டீச்சர்.”

அசல் ஆலங்குடிப் பேச்சு. “அடடே, நல்லாப் பேசுறியேம்மா!” என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன்.