சுமை இறக்கும் துறைகள்

வட அமெரிக்காவின் படத்தை விரித்து, சுப்பீரியர் பேரேரியின் வடமேற்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி விரலை நகர்த்திக்கொண்டு போனால், அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டா மாநிலத்தையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தையும் பிரிக்கும் எல்லைக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இராமல், ஏரியிலிருந்து ஏரிக்கும் ஆற்றிலிருந்து ஆற்றுக்கும் தாவித் தாவி, 200 மைலுக்கு மேல் நெளிந்து செல்வதைக் காணலாம். மென்மயிர்த் தோல் வாங்கப் போன வியாபாரிகளின் தோணிகள் எந்த நீர்மார்க்கத்தில் சென்று பழகியிருந்தனவோ, அந்த மார்க்கத்தையே இரு தேசத்து ராஜதந்திரிகளும் எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். 1842-ஆம் ஆண்டு உடன்படிக்கை, அந்த நீர்வழியும் அதன் இடையிலுள்ள தரைப்பாதைகளும் இரு நாட்டு மக்களுக்கும் தடையின்றித் திறந்திருக்கும் என்று உறுதி கூறிற்று. வியாபாரிகளுக்கு இந்த வழியைக் காட்டியவர்களோ, அதன் கரைகளில் மீன் பிடித்தும், காட்டரிசி கொய்தும், பிர்ச் மரப்பட்டையில் தோணி கட்டியும் வாழ்ந்த ஓஜிப்வே மக்கள்.

இந்த எல்லைக்குத் தெற்கே, ஏறக்குறைய 11 லட்சம் ஏக்கர் பரப்பில், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளைத் தன்னுள் அடக்கி, 'பவுண்டரி வாட்டர்ஸ்' எனப்படும் தோணி வனம் விரிந்து கிடக்கிறது. வடக்கே அதற்கு இணையாகக் கனடாவின் குவெட்டிகோ வனம். 'கனூ' என்னும் மெல்லிய தோணியைத் துடுப்பால் வலித்துக்கொண்டு அங்கே செல்ல விரும்புவோர் எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, இத்தனை ஏரிகளுள் மிக அழகிய இடம் எது என்பதுதான். இதற்கு ஏரியின் பெயரைச் சொல்லி விடையளிப்பவர் பலர். ஆனால் இந்த நீர்வழியைக் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடிவரை தொடர்ந்து செல்பவனுக்கு வேறொரு விடை தெளிவாகும்: நீர் எங்கே தடைப்படுகிறதோ, தோணியை எங்கே தலைமேல் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறதோ, அங்கேதான் சௌந்தரியம் இருக்கிறது. இரண்டையும் உண்டாக்கியது ஒரே பாறை.

யாத்திரையின் தொடக்கமே ஒரு பெருந்தடைதான். எல்லையாக ஓடிவரும் பிஜன் ஆறு, சுப்பீரியர் ஏரியைச் சேருமுன் ஆழ்ந்த பள்ளத்தாக்கில் சிக்கி, அருவியாகவும் சுழலாகவும் உடைந்து, ஓரிடத்தில் 120 அடி உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழுகிறது. தோணி ஏற முடியாத இந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு, காட்டினூடே எட்டரை மைல் தூரம் செல்லும் நடைபாதைக்கு 'கிராண்ட் போர்ட்டேஜ்', அதாவது பெருஞ்சுமைப்பாதை, என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்த்வெஸ்ட் கம்பெனியார் இதன் கீழ்க்கோடியில் தங்கள் பண்டகசாலையை வைத்திருந்தார்கள். அவர்களிடம் கூலிக்கு உழைத்த பிரெஞ்சு-கனடியத் தோணியோட்டிகள், தலா 90 பவுண்டு எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாக முதுகில் ஏற்றி, தோல் பட்டையை நெற்றியில் மாட்டி, கழுத்தும் முதுகெலும்பும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளக் குனிந்தபடியே அரை ஓட்டமாகச் சென்றார்கள். ஏறக்குறைய அரை மைலுக்கு ஓரிடமாக, நம் சாலையோரத்துச் சுமைதாங்கிக் கற்களைப் போல, மூட்டையை இறக்கி மூச்சு வாங்குவதற்கென்று நியமித்த இடங்கள் இருந்தன. இன்று அந்தப் பாதையும் பண்டகசாலையும், ஓஜிப்வே மக்களின் ஒதுக்கிடத்துக்குள்ளேயே, தேசிய நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகின்றன. பாதை முடிந்து, பள்ளத்தாக்கின் அருவிகள் கீழே நின்றுவிட, அமைதியாக ஓடும் பிஜன் ஆற்றில் தோணியை இறக்கும்போது, நீரின் மீது மிதப்பது எத்தகைய பாக்கியம் என்பதைத் தோள்கள் அறிந்துகொள்கின்றன.

ஆற்றில் எதிரேறிச் சென்றால் ஃபௌல் ஏரிகள், மூஸ் ஏரி, மௌண்டன் ஏரி, வாட்டாப், ரோவ், ரோஸ் என்று கிழமேலாக நீண்டு கிடக்கும் நீர்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இந்தப் பகுதியின் அழகு உயரத்தின் அழகு. ஏறக்குறைய 180 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாகப் படிந்து இறுகிய மென்பாறையினிடையே, 110 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு தகடு தகடாகப் புகுந்து உறைந்தது. பிற்காலத்தில் வடக்கிலிருந்து ஊர்ந்துவந்த பனிப்படலங்கள் மென்மையானதைச் சுரண்டி ஏரிகளாக்கி, வன்மையானதைச் செங்குத்தான மலைமுகங்களாக விட்டுச்சென்றன. அந்த மலைமுகங்கள் ஏரிகளின் தென்கரையில் வடக்கு நோக்கி நிற்பதால், பாசியும் பெரணியும் படர்ந்த அவற்றின் நிழலிலேயே தோணி வெகுதூரம் செல்கிறது. ரோஸ் ஏரியில் கரையேறி, டங்கன் ஏரிக்குச் செல்லும் நீண்ட மரப்படிக்கட்டில் அருவியின் ஓசையைத் துணையாகக் கொண்டு மேலே சென்று, அங்கிருந்து பிரியும் நடைபாதையில் மலைவிளிம்பை அடைபவனுக்கு, தான் கடந்துவந்த நீரும், அதற்கப்பால் அலையலையாக விரியும் கனடிய வனமும் ஒருசேரக் காட்சியளிக்கின்றன. இந்த மார்க்கத்தின் முதற்பாதியில் இதற்கு நிகரான இடம் இல்லை என்பது என் துணிபு.

ரோஸ் ஏரிக்கு மேற்கே சவுத் ஏரி. அதற்கு அப்பால் நார்த் ஏரி. இரண்டுக்கும் இடையே கிடக்கும் சுமைப்பாதை சாதாரணமானது. பார்வைக்கு விசேஷம் ஏதுமில்லாத ஒரு மரச்செறிவு. ஆயினும் கண்டத்தின் நீரைப் பங்கிடும் முகடு அதுவே. அதன் கிழக்கே விழும் மழைத்துளி பிஜன் ஆற்றின் வழியாகப் பேரேரிகளைச் சேர்ந்து, செயின்ட் லாரன்ஸ் நதியாக அட்லாண்டிக்கில் கலக்கிறது. மேற்கே விழும் துளியோ, ரெய்னி ஏரி, வின்னிபெக் ஏரி, நெல்சன் ஆறு ஆகியவற்றைக் கடந்து, வடதிசைக் குளிர்கடலான ஹட்சன் விரிகுடாவை அடைகிறது. முதன்முறையாக இந்த முகட்டைத் தாண்டும் தோணியோட்டியை மண்டியிடச் செய்து, சீடார்க் கிளையை நீரில் தோய்த்து அவன் தலையில் தெளித்து, இனி வருவோருக்கும் இச்சடங்கைச் செய்வேன் என்று உறுதி வாங்கி, துப்பாக்கி வேட்டுகள் முழங்க, அவனை வடதிசை வீரனாக ஏற்றுக்கொள்வது பழைய வழக்கம். கண்ணுக்குப் புலப்படாத மகிமையை உடைய இடங்களும் அழகிய இடங்களே என்பதை அந்த எழுத்தறியாத உழைப்பாளிகள் உணர்ந்திருந்தார்கள்.

இதுவரை எதிர்த்துவந்த நீர் இனி துணைவருகிறது. கன்ஃப்ளிண்ட் ஏரியைக் கடந்து, திசைமானியின் முள்ளைத் தடுமாறச் செய்யும் இரும்புத்தாதுவால் பெயர்பெற்ற மேக்னட்டிக் ஏரியைத் தாண்டி, கிரானைட் ஆற்றில் புகுந்தால், சிறு வீழ்ச்சிகளும் விரைநீர்களும் அடிக்கடி குறுக்கிடுகின்றன. நீரோட்டத்தில் இறங்கும்போது மனிதனுக்கு ஓர் ஆசை எழும்: இந்த ஒரு விரைநீரைச் சுமக்காமலே கடந்துவிட்டால் என்ன? அந்த ஆசைக்குப் பழங்காலத்தவர் கொடுத்த விலைக்கு இங்கே சாட்சி உண்டு. 1960-ஆம் ஆண்டில் ஹார்ஸ்டெயில் விரைநீரின் அடியில் மூழ்கித் தேடியவர்கள், ஒன்றனுள் ஒன்றாக அடுக்கிய 17 பித்தளைப் பாத்திரங்களைக் கண்டெடுத்தார்கள். வடக்கே வியாபாரத்துக்குப் போய்க்கொண்டிருந்த அந்த அடுக்கு, தோணி கவிழ்ந்த கணத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, எந்தச் சமையற்கட்டின் நெருப்பையும் காணாமல், குளிர்ந்த நீரின் அடியில் தங்கிவிட்டது.

கிரானைட் ஆறு சென்று சேரும் சாகனாகா, தீவுகள் நிறைந்த பெரிய ஏரி. அதன் கரைப்பாறை ஏறக்குறைய 270 கோடி ஆண்டு வயதுடையது. கிழக்கில் கண்ட செங்குத்து முகங்கள் இங்கே மறைந்து, நீரிலிருந்து சரிந்தெழும் தாழ்ந்த வழுவழுப்பான கற்பாறைகளும், அவற்றின் பிளவுகளில் வேரூன்றி நிற்கும் பைன் மரங்களும் வருகின்றன. இரவு தங்குவதற்கு இடம் தேடுவோர் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒவ்வொரு முகாமிடத்திலும் அரசாங்கம் வைத்திருப்பது ஓர் இரும்பு அடுப்புச் சட்டமும், காட்டுக்குள் சற்றுத் தள்ளி ஒரு கழிப்புப் பெட்டியும் மட்டுமே. மற்றவை எல்லாம் இடத்தின் குணம். காற்றுக்கு மறைவான சோலை பகலில் மனத்தைக் கவரும். ஆனால் ஜூன் மாதத்து மாலையில் கொசுக்கூட்டம் அங்கேதான் காத்திருக்கும். ஏரியினுள் நீண்டு நிற்கும் பாறைமுனையைத் தேர்ந்தவன், காற்றினால் கொசுவினின்று காக்கப்பட்டு, ஒன்பது மணி சுமாருக்கு மறையும் சூரியனை முழுமையாகக் கண்டு, இருட்டியபின் லூன் பறவைகள் ஏரிக்கு ஏரி கூவி விடையிறுப்பதைக் கேட்கும் பேற்றை அடைகிறான். வழியில் கரிந்த அடிமரங்களும் சாய்ந்த காடும் தென்பட்டால் மனம் தளர வேண்டுவதில்லை. 1999 ஜூலை 4-ஆம் தேதிச் சூறைக்காற்றும், 2007-ஆம் ஆண்டுப் பெருந்தீயும் இப்பிரதேசத்தில் விட்ட வடுக்கள் அவை. ஜாக் பைனின் பிசின் மூடிய காய்கள் தீயின் சூட்டிலேதான் நன்றாகத் திறந்து விதை தெளிக்கின்றன; எரிந்த பாறைமேட்டில் சில ஆண்டுகளில் நீலப் பெர்ரிச் செடிகள் கனத்துக் காய்க்கின்றன.

மேற்கே நைஃப் ஏரி. கத்தியும் அம்புமுனையும் செய்ய உகந்த, விளிம்பு கூர்மையாக உடையும் கல் நிறைந்த இதன் கரைகளைத் தொல்மாந்தர் நாடிவந்தார்கள். 1930-ஆம் ஆண்டில் இங்கு வந்த டாரதி மோல்ட்டர் என்னும் தாதிப்பெண், பைன் தீவுகளில் நிலைத்துவிட்டு, 1986 டிசம்பரில் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இந்த வனத்தின் மேல் விமானங்கள் தாழப் பறப்பதை 1949-இல் ஜனாதிபதி ட்ரூமனின் ஆணை தடை செய்தது. அதன் விளைவாக வெளியிலிருந்து பானங்கள் வருவது நின்றபோது, டாரதி வெற்றுப் புட்டிகளை வைத்துக்கொண்டு 'ரூட் பீர்' என்னும் மதுவற்ற இனிப்புப் பானத்தைத் தாமே காய்ச்சி, குளிர்காலத்தில் ஏரியிலிருந்து அறுத்துச் சேமித்த பனிக்கட்டியில் குளிரவைத்து, களைத்துவரும் தோணிக்காரர்களுக்கு வழங்கலானார். ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் தீவில் இறங்கினார்கள். எளிதாக வந்த பண்டம் நின்றதனால் உண்டான அந்த விருந்தோம்பலை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உண்டு.

பாஸ்வுட் ஏரியைத் தாண்டியபின், அதே பெயருடைய ஆறு மீண்டும் வீழ்ச்சிகளாக உடைகிறது. சுமைப்பாதைகள் நெருங்கி வருகின்றன. அழகும் நெருங்கி வருகிறது. கீழ் பாஸ்வுட் அருவியின் இரைச்சல் பின்னே தேய, க்ரூக்கட் ஏரி தொடங்குமிடத்தில், நீரின்மேல் கவிந்து நிற்கும் மலைமுகம் ஒன்று உண்டு. கருமையும் வெண்மையும் ஆரஞ்சு நிறப் பாசியும் வரிவரியாக வழிந்த அந்தப் பாறையில், தோணியில் அமர்ந்தவனின் கைக்கெட்டும் உயரத்திலிருந்து மேலாக, செங்காவியால் தீட்டிய மூஸ் மானும் பறவையும் மனித உருவும் தோன்றுகின்றன. துடுப்பால் கரையை ஊன்றிக்கொள்ளவும் இடமின்றி, மெல்ல அசையும் தோணியிலிருந்தே பார்க்க வேண்டிய ஓவியங்கள் அவை. தீட்டியவனும் அப்படித்தான் தோணியில் நின்று தீட்டியிருக்க வேண்டும். ஓஜிப்வே மக்கள் அந்த இடத்தைப் புனித ஸ்தலமாகக் கருதிப் புகையிலையைக் காணிக்கையாக வைக்கிறார்கள். காண்பவர் தொடாமல் வணங்கிச் செல்வதே முறை. இவ்வேரியில் ஒரு பாறைப்பிளவில் போர்வீரர்கள் எய்த அம்புகள் செருகி நின்றதை, 1801-இல் வெளியான தம் பிரயாண நூலில் அலெக்ஸாண்டர் மக்கன்ஸி எழுதியிருக்கிறார். பல கைகளாகப் பிரிந்து வழிதவறச் செய்யும் இந்த ஏரியின் மறுகோடியில் கர்ட்டன் அருவி. ஆற்றின் அகலம் முழுவதும் ஒரே திரையாக மடிந்து அயர்ன் ஏரியில் இறங்கும் அதன் பக்கத்தில், சுமையை இறக்கிவிட்டு உட்காராதவர் இருக்க முடியாது.

லாக் லா க்ரா ஏரிக்கு அப்பால் வழியின் சுபாவம் மாறத் தொடங்குகிறது. லூன் ஏரிப் பக்கத்துச் சுமைப்பாதைகளில் தண்டவாளத்தின்மீது ஓடும் வண்டி, மோட்டார் படகுகளை அப்படியே தூக்கி மறுபுறம் இறக்குகிறது. அதன்பின் சாண்ட் பாயிண்ட், நமக்கான், கடைசியாகக் கடல்போல் பரந்த ரெய்னி ஏரி. அந்த ஏரியின் வாயிலில் முன்பு கூச்சிச்சிங் என்னும் அருவி இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் எட்வர்ட் பாக்கஸ் என்ற தொழிலதிபர், மரக்கூழுக்கும் காகிதத்துக்குமான ஆலைகளின்பொருட்டு அங்கே அணை கட்டினார். அத்துடன் நில்லாமல், மேலே நாம் கடந்துவந்த நீர்வழி நெடுகத் தொடர் அணைகளை எழுப்பி, ஏரிகளை மின்சக்தித் தேக்கங்களாக்க 1925-இல் அவர் திட்டம் கொண்டுவந்தபோது, ரெய்னி ஏரித் தீவொன்றில் வாழ்ந்த எர்னஸ்ட் ஓபர்ஹோல்ட்ஸர் எதிர்த்து நின்றார். பில்லி மகீ என்னும் ஓஜிப்வே தோழருடன் 1912-இல் தோணியிலேயே ஹட்சன் விரிகுடாவரை சென்று மீண்ட அவருக்கு, நீர்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவது எவை என்பது தெரிந்திருந்தது: அருவிகள், விரைநீர்கள், தாழ்ந்த பாறைமுனைகள், அதாவது சுமை இறக்கும் துறைகள் அத்தனையும். 1930-இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் இந்த நீர்க்கரைகளின் மரங்களையும் இயற்கையான நீர்மட்டத்தையும் காத்தது. 1964, 1978 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதை வலுப்படுத்தின. இன்று ஒரு குழுவில் ஒன்பது பேருக்குமேல் செல்லலாகாது என்றும், நாளொன்றுக்கு ஒவ்வொரு வாயிலிலும் இத்தனை குழுக்களே என்றும் விதித்திருப்பது அந்தக் காவலின் தொடர்ச்சியே.

ஆகையால், அழகிய இடத்தைத் தேடிச் செல்பவர் படத்தில் ஏரிகளின் பெயர்களைப் பார்ப்பதைவிட, இரு ஏரிகளுக்கிடையே குறுக்கே கிடக்கும் சிறு கோடுகளையும், அவற்றின் நீளத்தைப் பதினாறரை அடியளவான 'ராட்' கணக்கில் குறித்திருக்கும் எண்களையும் பார்ப்பாராக. எண் பெரிதாக இருந்தால் அஞ்சி விலகாமல், அதற்கு அப்பாலுள்ள பாறைமுனையில் ஓரிரவுக்குப் பதில் ஈரிரவு தங்குவாராக. ரெய்னி ஏரியின் அணையருகே நிற்பவனுக்கு, மேலே உள்ளவை ஏன் அழகாக எஞ்சியிருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வழியைச் சுலபமாக்குவதாகச் சொல்லி வந்தவை ஒவ்வொன்றும், அணையோ விமானமோ மோட்டாரோ, தன்னை அறியாமலே அந்த இடத்தின் அழகில் ஒரு பங்கைக் கேட்டன. அதைக் கொடுக்க மறுத்தவர்கள் இருந்ததனால்தான் கர்ட்டன் அருவி இன்னும் விழுகிறது. ஓர் அழகிய ஸ்தலத்தைக் காப்பதென்பது, அதை அடையும் வழியின் பாரத்தையும் சேர்த்துக் காப்பதே.