வற்றாப்பளையில் ஓலைத் தோடு

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியில், ஒட்டுசுட்டானைக் கடந்து முள்ளியவளையை அடைந்தால், வற்றாப்பளை அயலூராகிவிடும். ஒருபுறம் வயல்வெளி, மறுபுறம் பனங்கூடல். அப்பால் நந்திக்கடல் என்னும் பரந்த நீர்ப்பரப்பு. அதன் கரையிலே கண்ணகை அம்மன் ஆலயம் அமைந்திருக்கின்றது.

அம்மன் ஈழநாட்டில் தங்கிய பத்தாவது இடம் இதுவாதலின் 'பத்தாம்பளை' என வழங்கிய பெயரே வற்றாப்பளை ஆயிற்று என்பர். மாடு மேய்த்த சிறுவர்களிடம் முதுமகள் வடிவில் வந்த அம்மன், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்று அவர்கள் தயங்கியபோது, கடல்நீரை வார்த்து ஏற்றச் சொன்னாள் என்பது செவிவழிக் கதை. அதன் நினைவாக, ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலை முன்னிட்டு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கு ஏற்றுகின்றனர். பொங்கலன்று வன்னி முழுவதும் இங்கே திரண்டுவிட்டதோ என்று தோன்றும்.

இவ்வூர்த் தெய்வத்தின் வரலாறு ஓர் ஆபரணத்தையே நடுவாகக் கொண்டது என்பதை வாசகர்கள் அறிவர். பாண்டியன் தேவியின் சிலம்பும் கண்ணகியின் சிலம்பும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றன் பரல் முத்து. மற்றதன் பரல் மாணிக்கம். உடைத்தபின்னரே உண்மை வெளியாயிற்று. நகையின் பெறுமதியை மேற்பூச்சைக் கொண்டு அளத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இந்த எண்ணத்தோடு ஆலய வீதியிலிருந்து திரும்பிய நாம், வெயிலுக்கு ஒதுங்கி ஒரு வீட்டு முற்றத்தில் அமர்ந்தோம். திண்ணையில் மூதாட்டி ஒருவர் சத்தகமும் கையுமாக ஓலை வார்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் பள்ளிச் சிறுமியாகிய பேர்த்தி. பாட்டியார் ஒரு விரல் அகல வாரை இறுகச் சுருட்டிப் பேர்த்தியின் காதருகே பிடித்துப் பார்த்துச் சிரித்தார். நாம் வியந்து வினவியபோது, அவர் தம் காதைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"இடம்பெயர்ந்து போகேக்க தோட்டைக் குடுத்துத்தான் அரிசி வாங்கினனான், பிள்ளையள். காது தூர்ந்துபோகாமல் இருக்க ஈர்க்கைக் குத்தியிருந்தன். பிறகு ஓலைச் சுருள் வைச்சன். இப்ப இவளுக்கும் அதிலை ஆசை."

2009ஆம் ஆண்டு மே மாதம் இந்த நந்திக்கடற் கரையிலேதான் போர் முடிவுற்றது. அதற்கு முந்திய மாதங்களில் வன்னி மக்கள் ஊருக்கு ஊர் பெயர்ந்தனர். பின்னர் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்தனர். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த பொன்னை அரிசிக்கும் பால்மாவுக்கும் மாற்றியோர் பலர். பொன் சென்றது, காது எஞ்சியது. அந்தக் காதை வெறுமையாக விடாது காத்தவை பனையின் ஈர்க்கும் ஓலையுமே!

இஃது இந்த மூதாட்டியார் புதிதாகக் கண்டுபிடித்த வழி அன்று. நம் மொழியே இதற்குச் சாட்சி கூறும். தோடு என்னும் சொல்லுக்குப் பூவிதழ் என்றும் ஓலை என்றும் பொருள் உண்டு. குழை என்பது தளிர். கொப்பு என்பது மரக்கிளை. இம்மூன்றும் காதணிகளின் பெயர்களும் ஆகும். பொன்னாற் செய்தபோதும் பழைய பெயரை நாம் மாற்றவில்லை. அப்பொன்னை நிறுப்பதற்கும் தட்டார் விதைகளையே கைக்கொண்டனர். இரண்டு குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி. எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுணுக்கு அறுபதுக்கு மேற்பட்ட குன்றிமணிகள் வேண்டும்.

சங்கும் மண்ணும் கண்ணாடியும் அவ்வாறே அணிகலன் ஆயின. மன்னாருக்கு எதிரே உள்ள மாந்தையில் 1980களில் நடைபெற்ற அகழாய்விலும், அண்மையில் தமிழ்நாட்டுக் கீழடியிலும் பழைய மணிகள் பல கிடைத்துள்ளன. வங்காளத்து மணமகளிர் இன்றும் வெண்சங்கு வளையலையே மங்கலச் சின்னமாக அணிகின்றனர். எளிய பொருள் என்பதனால் அதற்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை.

அம்மூதாட்டியாரிடம் நாம் கற்றதை மாணவர்களுக்காக இங்கே தருகின்றோம். பனையின் இளஞ் சார்வோலையை எடுத்து, ஈர்க்கை நீக்கி, வெயிலில் வெளுக்கவிடுதல் வேண்டும். நிறம் வேண்டுமாயின் சாயம் கலந்த நீரில் அவித்து நிழலில் உலர்த்தலாம். பின்னர்ச் சத்தகத்தால் ஒரே அகலமுள்ள வார்களாக வார்ந்துகொள்க. ஒரு வாரை நடுவிலிருந்து இறுகச் சுருட்டி, நுனியைக் கடைசிச் சுற்றின் அடியிற் செருகினால் ஓலைச் சுருள் முடிந்தது. காப்புச் செய்வதற்கு, ஐந்தாறு ஈர்க்குகளை நீரில் ஊறவைத்து, கையின் அளவுக்கு வளைத்துக் கட்டுக. அவ்வளையத்தின்மேல் ஓலை வாரை இடைவெளியின்றிச் சுற்றுக. இரு நிற வார்களை மாறி மாறிச் சுற்றினால் கோலம் தானே தோன்றும். ஊறாத ஓலை வெடிக்கும். ஆதலால் பின்னும்போது ஈரத் துணியொன்று அருகில் இருக்கட்டும்.

மாலை கோப்பதற்குச் செந்நிற மஞ்சாடி விதை ஏற்றது. கொதிநீரில் அவித்து மென்மையாக்கி, தடித்த ஊசியால் துளைத்து நூலிற் கோக்கலாம். ஆனால் குன்றிமணியைத் துளைக்கவே வேண்டாம். அதன் அழகிய சிவப்புத் தோலுக்குள் கொடிய நஞ்சு இருக்கின்றது. மஞ்சாடியையும் சிறுவர் வாயிலிட விடலாகாது. கரையோரத்தில் சிப்பி பொறுக்குவோர் உயிரில்லாத வெற்றுச் சிப்பிகளையே எடுத்தல் நன்று.

இவற்றைச் செய்வதற்குப் பெரும் முதல் தேவையில்லை. ஆயினும் ஒன்று தேவை. சொல்லிக் கொடுப்பவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளும் பொறுமை. பனைத்தொழிலை வளர்ப்பதற்கென 1978இல் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. சபைகள் பயிற்சி தரலாம், சந்தையும் தேடலாம். ஓலை எந்தப் பதத்தில் வளையும் என்பதை விரல் அறிதல் வேண்டுமானால், அறிந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும். பெட்டியும் பாயும் கடகமும் இழைத்த கைகள் நம் ஊர்களில் ஆண்டுக்காண்டு குறைந்து வருகின்றன. வன்னியிலோ, போர் அவற்றிற் பலவற்றைக் காலத்துக்கு முன்னரே கொண்டுபோயிற்று.

பொன் நகையை வெறுக்குமாறு நாம் கூறவில்லை. பேர்த்திக்குப் பொன் தோடு போடவேண்டும் என்ற ஆசை அந்த மூதாட்டியாருக்கும் உண்டு. அது கைகூடும் வரை, அவளது காதுகள் வெறுமையாக இருக்கமாட்டா. ஓலைத் தோடு சில மாதங்களில் நிறம் மங்கிவிடும், அதனால் என்ன? முற்றத்துப் பனை அடுத்த குருத்தை விட்டிருக்கும். அந்தக் குருத்தைத் தோடாக்கத் தெரிந்த பிள்ளையொன்று வீட்டில் இருந்தாற் போதும்.