குறிப்பேட்டுக்கு எத்தனை திறப்பு?

கொப்பியில் எழுதிவந்த பாடக்குறிப்புகளை நாம் கணினிக்கு மாற்றிச் சில ஆண்டுகளாகின்றன. அதற்கென நாம் கைக்கொண்டது 2020இல் வெளிவந்த ‘ஒப்சிடியன்’ என்னும் மென்பொருள். எழுதுவன யாவும் எமது கணினியிலேயே, ஒரு கோப்புறையினுள், சாதாரண எழுத்துக் கோப்புகளாகத் தங்கிவிடுகின்றன. மென்பொருள் நாளை மறைந்தொழியினும் எழுத்து மறையாது. எம்மைக் கவர்ந்தது இவ்வெளிமையே.

இதற்கு அணிகலன் பூட்டுவதுபோல, வெளியார் எழுதி வழங்கும் ‘பிளகின்’ என்னும் துணைநிரல்கள் ஆயிரத்துக்கு மேலுள. எம்மிடம் உயர்தரம் பயிலும் மாணவரொருவர் அவற்றுள் 40ஐச் சேர்த்து வைத்திருந்தார். “இவற்றுள் எதனைத் தம்பி நாடோறும் பயன்படுத்துகிறாய்?” என வினவினோம். நெடுநேரம் சிந்தித்து, “இரண்டுதான், சேர்” என்றார்.

அவ்வாறாயின், மற்றை 38 பேர் கையிலும் வீட்டுத் திறப்பை வீணே கொடுத்து வைத்திருக்கிறார் என்பதே பொருள். இது மிகைக்கூற்றன்று. கைத்தொலைபேசியிலுள்ள செயலி, கமராவைத் தொடுமுன் எம்மிடம் அனுமதி கேட்கிறது. ஒப்சிடியனிலோ, மென்பொருளுக்குள்ள உரிமை யாவும் பிளகினுக்கும் உண்டு. அது கணினியின் கோப்புகளைப் படிக்கலாம். இணையத்தோடு தொடர்பு கொள்ளலாம். வேறு நிரல்களை நிறுவவுஞ் செய்யலாம். அதனை ஆக்கியோரே இதனை வெளிப்படையாகச் சொல்லியுள்ளனர். அதனாலேயே வெளியார் பிளகின்கள் தொடக்கத்திற் பூட்டப்பட்டிருக்கின்றன. பூட்டைத் திறப்பவர் நாமே.

நல்லவர் எழுதியதாயின் அஞ்சுவானேன் என்பர் சிலர். எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் நிரல் கைம்மாறும். குறிப்பேட்டுக்கு வெளியே நிகழ்ந்ததாயினும், 2018இல் ‘ஈவன்ற் ஸ்ட்ரீம்’ என்னும் இலவச நிரற்றொகுதிக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். பலரும் பயன்படுத்திய அதனைப் பராமரிப்பதில் நாட்டம் குன்றிய ஆசிரியர், உதவ முன்வந்த முன்பின் அறியாத ஒருவரிடம் ஒப்படைத்தார். வந்தவரோ, பிட்கொயின் பணப்பையிற் களவாடும் நிரலொன்றை அதனுட் புகுத்திவிட்டார். 2024 டிசெம்பரில் நிகழ்ந்தது இன்னும் விந்தை. பாதுகாப்பையே தொழிலாகக் கொண்ட ‘சைபர்ஹேவன்’ நிறுவனத்தின் ஊழியரொருவர் போலி மின்னஞ்சலொன்றை நம்பியதால், அந்நிறுவனத்தின் குரோம் உலாவித் துணைநிரல் நஞ்சூட்டப்பட்டு, இற்றைப்படுத்தல் என்ற பெயரிலே பயனர் கணினிகளுக்குச் சென்றது!

எமது குறிப்பேட்டில் பாடங்கள் மட்டுமா உள? மாணவர் புள்ளிகள் உள. எம்மை நம்பி அவர்தம் பெற்றோர் கூறிய இல்லத்துத் துயரங்களும் உள. அவை எம்முடையவை அல்ல. பிறர் பெட்டகத்தின் திறப்பை அந்நியர்க்கு ஈய எமக்கு உரிமை ஏது?

ஆராய்ச்சி செய்வோர்க்கு, ‘சொட்டேரோ’விலிருந்து மேற்கோள்களைக் கொணரும் பிளகின் மெய்யாகவே பயனுடையது, அதனை நாம் மறுக்கவில்லை. அத்தகையோர் ஒன்றிரண்டை ஆராய்ந்து ஏற்கட்டும். கடவுச்சொற்களை மட்டும் குறிப்பில் எழுதாதிருக்கட்டும். பள்ளி மாணவர்க்கும் எம்போன்ற ஆசிரியர்க்கும் தேடலும், நாட்குறிப்பும், ஒரு குறிப்பை மற்றொன்றோடு பிணைக்கும் வசதியும் மென்பொருளுடனேயே வருகின்றன. நாட்காட்டிப் பிளகின் ஒன்றில் மட்டும் எமக்குச் சிறிது ஆசை இருந்தது, மெய்யாகவே அழகானது. சேர்க்கவில்லை. மேசைக்கு எதிரே சுவரில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது.