தனிச்சட்டி எதற்கு?

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகள் பலவற்றில் நீரிழிவு அழையா விருந்தாளியாகக் குடிபுகுந்துள்ளது. ரொறன்ரோவில் வாழும் எமக்கும் அந்நோய் உண்டு. யாழ்ப்பாணத்தில் துவிச்சக்கரவண்டி மிதித்துப் பாடசாலை சென்ற கால்கள் இங்கே பேருந்தில் ஓய்ந்தன. சோற்றின் அளவோ குறையவில்லை. தென்னாசியர் அதிக பருமனின்றியே இந்நோய்க்கு ஆளாகக்கூடும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே விழிப்பு வேண்டும்.

நோய் கண்டவுடன் பல வீடுகளில் நோயாளிக்கெனத் தனிச்சட்டி ஏறுகிறது. அவர்முன் குரக்கன் புட்டு. ஏனையோர்முன் வெள்ளைச் சோறும் பொரியலும். இரண்டு வேலை செய்து திரும்புபவர் இரண்டு சமையலும் எத்தனை நாள் செய்வார்? தனித்து உண்பவருக்கோ உணவே தண்டனையாகிவிடும். மேலும், குரக்கனும் மாப்பொருளே. அதற்கும் அளவு உண்டு. வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் பெரும்பகுதியில் உணவின் அளவையே வலியுறுத்துகிறார்.

எம் இல்லத்தில் அனைவருக்கும் ஒரே சமையல். 2019 இல் வெளிவந்த கனடிய உணவு வழிகாட்டி தமிழிலும் உண்டு. தட்டில் பாதி மரக்கறியும் பழமும், கால்பங்கு முழுத்தானியம், கால்பங்கு மீன், பருப்பு போன்ற புரத உணவு என்கிறது அது. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், மீன்குழம்பு, சிறிதளவு தவிட்டரிசிச் சோறு என அத்தட்டை எம் உணவாலேயே நிரப்பினோம். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தனர். பெற்றோருக்கு இந்நோய் இருப்பின் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம் என விளக்கியபின் பழகிக்கொண்டனர்.

வீட்டாரின் துணையோடு அறிந்தோரின் துணையும் வேண்டும். ஒன்ராறியோவில் நீரிழிவுக் கல்வி நிலையங்கள் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகின்றன. 811 என்ற இலக்கத்தை அழைத்தும் உணவியலாளருடன் பேசலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கத் தயங்கவேண்டாம். இன்சுலின் ஏற்றுவோர் கந்தசஷ்டி போன்ற விரதங்களை வைத்தியரிடம் கேட்ட பின்னரே நோற்றல் வேண்டும். குருதியில் சர்க்கரை அளவுமீறித் தாழ்வது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இறுதியாக, உறவினருக்கும் ஒரு வேண்டுகோள். விருந்தினரை வற்புறுத்தி உண்பிப்பது எமது பண்பாடு. ஆயினும், "ஒரு துண்டுதானே, சாப்பிடுங்கோ" என்னும் அன்புமொழி பலரது மனவுறுதியைக் குலைத்துவிடுகிறது. போதும் என்பவரை அத்துடன் விட்டுவிடுதலும், கேளாமலே சீனியற்ற தேநீர் தருதலும் உயர்ந்த உபசாரமே.