பத்துப் பேர் பந்தி

பந்திக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்று வீட்டில் சாப்பாடு போடும் அந்த அம்மா கறாராக இருப்பதற்குக் காரணம் மேசை அல்ல, வாணலி. ஒரு ஈட்டுக்குப் பத்து சாயோச் சுருள்தான் அதில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வேகும். தலைக்கு நான்கு என்றால் நான்கு ஈடு. ஐந்தாவது ஈடு போட்டு எடுப்பதற்குள் முதல் ஈடு நமுத்துவிடும். "பதினோராவது ஆளு வந்தா மத்த பத்துப் பேரு சாப்பாடும் சேர்ந்து கெடும் தம்பி" என்றார். கியூபாவில் 1990-களில் வீட்டு உணவகங்களை அரசு அனுமதித்தபோது, 12 நாற்காலிக்கு மேல் போடக்கூடாது என்று விதித்தது. இந்த வீட்டில் சட்டம் போடுவது வாணலி.

புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது வீடு. கீழே திண்ணையும் தாழ்வாரமும் மரத்தூண்களும். மாடியில் பிரெஞ்சுப் பாணி வளைவு சன்னல்கள். இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இடிந்துவிட்டன. தப்பியவற்றில் பல தங்கும் விடுதிகளாகிவிட்டன. இது இன்னும் வீடாகவே இருக்கிறது. சில சனிக்கிழமை இரவுகளில் மட்டும், முன்பே சொல்லி வைத்தவர்கள் மாடியில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கள் ஒரு வீட்டில் கூடிப் பணம் கொடுத்துச் சாப்பிடும் இந்த ஏற்பாட்டுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் சப்பர் கிளப் என்று பெயர். இந்த அம்மா "நம்ம வீட்டுச் சாப்பாடு" என்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. "பேரு போட்டுடாதீங்க, அப்புறம் போன் நிக்காது" என்று கேட்டுக்கொண்டதால் பேர் போடவில்லை.

அன்றைய இரவுக்கு முதலில் சாயோ என்கிற வியட்நாம் சுருள். அடுத்து புய்யாபேஸ் என்ற மீன் சாறு, ரொட்டியோடு. அப்புறம் சோறு, ஆட்டுக்கறி ரகூ, வடகம் தாளித்த பருப்பு, கத்திரிக்காய்க் குழம்பு, தொட்டுக்கொள்ள மாங்காய் ருகாய். கடைசியில் ரம்மில் ஊறிய முந்திரி திராட்சையும் ரவையும் வெண்ணெயும் போட்ட விவிக்கம் கேக். கிறிஸ்துமஸுக்குச் செய்கிற கேக்தான். விருந்தாளிகள் கேட்பதால் இங்கே வருஷம் முழுவதும் உண்டு. நாலு தேசத்துச் சாப்பாடு ஒரே மேசையில் என்று வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். ஒரே இரவில் மெக்சிகோ, தாய்லாந்து, இத்தாலி என்று தாவும் விருந்துகளை நான் பார்த்திருக்கிறேன். செல்பேசியில் பார்த்துச் சமைத்தது நாக்கிலேயே தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொரு பதார்த்தமும் யாரோ ஒருவரோடு கப்பலில் வந்தது.

பிரான்ஸ் 1862-இல் தென் வியட்நாமின் மூன்று மாகாணங்களை எடுத்துக்கொண்டது. ஆட்சி நடத்தப் பிரெஞ்சு தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் தங்கள் சமயத் தனிச் சட்டத்தைத் துறந்து, குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வரலாம் என்று ஆனது. அப்படி வந்தவர்களில் பலர் சைகோனில் காவல்துறையிலும் சுங்கத்திலும் அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். இந்த அம்மாவின் தாத்தா சுங்க இலாகாவில் எழுத்தர். பாட்டி சைகோன்காரர். 1954-இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை தோற்றது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. குடும்பம் ஊர் திரும்பிய காலம் அது. பாட்டி கொண்டுவந்த பெட்டியில் பாதி சமையல் சாமான் என்று வீட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

ருகாய் வந்த வழி வேறு. ரெயூனியன் தீவில் 1848-இல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் தேவைப்பட்டார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் ஏராளம். அம்மாவின் வீட்டுக்காரர் வழி உறவு இன்னும் அங்கே இருக்கிறது. மாங்காயையும் வெங்காயத்தையும் பச்சை மிளகாயோடு இடித்து, உப்பும் எண்ணெயும் சேர்த்த அந்தத் துவையல், லீவுக்கு வந்த நாத்தனார் ஒருவர் கைவழியாக இந்தக் குசினிக்குள் நுழைந்தது. வீட்டுக்காரரோ சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரியைச் சட்டப்படி இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கலாம் என்று ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அவருடைய தகப்பனார் கேட்டு வாங்கினார். பையன் வளர்ந்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். பட்டாளத்துப் பென்ஷன்தான் இன்றைக்கும் வீட்டை நிமிர்த்தி வைத்திருக்கிறது. சனிக்கிழமைச் சாப்பாடு மேல்செலவுக்கு.

சமையலைச் சந்தையிலிருந்து பார்த்தால்தான் புரியும் என்று என்னையும் விடியலில் கூபேர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பெரிய வஞ்சிரத்துக்குக் கொள்ளை விலை. அவர் அந்தப் பக்கமே போகவில்லை. கரையோரம் வலை போடும் சிறு படகுகளில் வந்த சங்கரா, கிழங்கான், கொஞ்சம் இறால், நாலைந்து நண்டு, இரண்டு பெரிய மீன்தலை. "தலைய வாங்கிட்டு உடம்ப விட்டுட்டுப் போறியே யக்கா" என்று மீன்காரம்மா சிரித்தார். மார்செய் துறைமுகத்து மீனவர்கள் விலை போகாத பொடி மீனைக் கொதிக்கவைத்துக் குடித்ததிலிருந்து பிறந்ததுதான் புய்யாபேஸ். அதனால் தடைக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் கிடையாது. தலைகளை வெங்காயம், தக்காளி, சோம்பு போட்டுக் கொதிக்கவிட்டு வடிகட்டி, பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் துண்டு மீனைப் போடுவார். மார்செயில் குங்குமப்பூ, இந்த வீட்டில் மஞ்சள்.

வீடு திரும்பியபோது மொட்டை மாடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கடல் மூடியிருக்கும் காலமும் வெயில் கொளுத்தும் காலமும் ஒன்றாக வருவதால், வருஷத்து வடகம் முழுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். வில்லியனூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு அக்கா உரலில் சின்ன வெங்காயம் இடித்துக்கொண்டிருந்தார். விழுதாகிவிடக்கூடாது, முழுசாகவும் நிற்கக்கூடாது. பூண்டைத் தோலோடு தட்டிப் போட்டார். ஊறிய உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு. கையால் பிசைந்து பானையில் மூடி ஒரு ராத்திரி வைத்து, மறுநாள் பாயில் பரப்புவார். சாயங்காலம் திரும்ப அள்ளி, பானையில் தங்கிய நீரிலேயே பிசைந்து உருட்டுவார். காலையில் உதிர்த்துக் காயவைத்து, மாலையில் உருட்டி, இப்படியே ஒரு வாரத்துக்கு மேல். வாசனை மூன்றாம் நாள் மூக்கைப் பிடிக்கவைக்கும், ஆறாம் நாள் இழுக்கும். கடைசியில் விளக்கெண்ணெய் தொட்டு உருட்டினால் கறுத்த உருண்டை வருஷம் தாங்கும். இதன் வழிவந்த ஒன்று வதுவான் என்ற பெயரில் பாரிஸ் கடைகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கிறது. பெரிய சமையல்காரர்களெல்லாம் கோழிக்கும் மீனுக்கும் தூவுகிறார்கள். அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "புட்டியிலயா? வெயிலு எங்க காட்டுவாங்க?" என்று கேட்டுவிட்டு உலக்கையை மறுபடி எடுத்தார்.

பிற்பகல் மூன்று மணிக்கு சாயோ சுற்றும் வேலை. அரிசித் தாள் இங்கே போடுவாரில்லை. பாரிஸிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் சென்னையில் வாங்க வேண்டும். உள்ளே வைக்கப் பன்றிக் கொத்துக்கறி, இறால், ஊறவைத்து நறுக்கிய கண்ணாடி சேமியா, கறுப்புக் காளான், துருவிப் பிழிந்த கேரட். பிழிவதில்தான் சூட்சுமம். ஈரம் இருந்தால் எண்ணெயில் வெடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சர்க்கரை போட்டுத் தாளை முக்கி எடுத்தார். சர்க்கரைதான் பொன்னிறம் கொடுக்கும். நனைந்த தாள் கெட்டியாக இருக்கும்போதே ஈரத்துணியில் விரித்து, பூரணத்தை விரல் நீளத்துக்கு வைத்து, அடியை மடித்து, இரண்டு பக்கமும் உள்ளே தள்ளி உருட்டினார். இறுக்கி உருட்டிய என்னுடையதைப் பிரித்துப்போட்டார். சேமியா எண்ணெயில் உப்பும், அதற்கு இடம் விடவேண்டும். மிதமான சூட்டில் ஒரு தடவை வேகவைத்து எடுத்துவைத்து, ஆட்கள் உட்கார்ந்த பிறகு நல்ல சூட்டில் மறுபடி போடுவார். இரண்டாவது தடவைதான் அந்த நொறுநொறுப்பு.

எட்டு மணிக்குப் பத்துப் பேரும் வந்துவிட்டார்கள். சென்னையிலிருந்து கணினிக்காரத் தம்பதி, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியை ஒருவர், பெங்களூர்க் குடும்பம் ஒன்று, மூன்று நண்பர்கள். முதல் கால்மணி நேரம் யாரும் யாரோடும் பேசவில்லை. சாயோவைக் கையால்தான் சாப்பிட வேண்டும்: லெட்யூஸ் இலையில் வைத்து, புதினா சேர்த்துச் சுருட்டி, மீன் நீர் கலந்த புளிப்பு இனிப்புச் சாற்றில் தோய்க்க வேண்டும். எப்படிச் சுருட்டுவது என்று ஒருவரை ஒருவர் பார்த்த இடத்தில்தான் பேச்சு தொடங்கியது. அந்த அம்மா சாயோவை முதலில் வைப்பதன் கணக்கு அதுதான்.

அந்த நேரம் பார்த்து, பெங்களூர்க் குடும்பத்துப் பாட்டி தான் சைவம் என்று மெல்லச் சொன்னார். முன்பதிவு செய்த பேரனுக்கு அது நினைவில்லை. குசினியில் நான் இருந்தேன். அம்மா ஒரு வார்த்தை முனகவில்லை. ஆனால் எண்ணெய் பன்றிக் கறி வெந்த எண்ணெய். தோய்க்கும் சாற்றில் மீன் நீர். ரொட்டிக்கு வைத்தது மீன் சாறு. வேறு வாணலி, புது எண்ணெய், காளானும் கேரட்டும் மட்டும் வைத்து நான்கு சுருள், எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கரைத்து ஒரு தனிக் கிண்ணம். கத்திரிக்காய்க் குழம்பும் பருப்பும் ருகாயும் கைகொடுத்தன. பாட்டி திருப்தியாகச் சாப்பிட்டார். அதற்குள் புய்யாபேஸில் போட்ட மீன் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்து உடைந்துவிட்டது. மேலே யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரியும், முகத்தில் இருந்தது.

தலைக்கு வாங்கும் தொகை அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நான் அன்றைய கணக்கைப் பார்த்தேன். பாதி சந்தைக்கே போகிறது. அரிசித் தாள், வெண்ணெய், ரம், கேஸ், வெள்ளைத் துணி வெளுக்கிற செலவு என்று மிச்சத்தில் பெரும்பகுதி. உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2006-இல் வந்தது. வீட்டில் சமைத்து விற்பவர்களும் அதன்படிப் பதிவு செய்ய வேண்டும். இவர் செய்திருக்கிறார், சான்றிதழ் மாடிப்படி அருகே மாட்டியிருக்கிறது. பதிவு இல்லாமல் நடத்தும் வீடுகளைவிட இவர் சற்று கூடுதலாக வாங்குவது நியாயமே.

எனக்கு ஒப்பாதது வேறு. கேக் முடிந்ததும் பத்துப் பேரும் கைதட்டினார்கள். அம்மா தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். வில்லியனூர் அக்கா அப்போது கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இரவுக் கூலியும் ஆட்டோ செலவும் உண்டு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மேசையின் தமிழ்ப் பாதி அவர் கை. பருப்பைப் புகழ்ந்த பிரெஞ்சு ஆசிரியைக்கு அவர் இருப்பதே தெரியாது. ஏன் மேலே கூப்பிட்டு அறிமுகப்படுத்துவதில்லை என்று கேட்டேன். "பேரைச் சொன்னா அடுத்த வாரமே வேற வீட்டுல கூப்பிட்டுக்குவாங்க தம்பி" என்றார் ஒளிக்காமல். உண்மையான பதில், ஆனால் நல்ல பதில் அல்ல. கூலியாக இல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று பங்கு வைத்தால் அந்த அக்கா எங்கும் போகமாட்டார். சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

இத்தகைய வீடுகளுக்குச் சாப்பிடப் போகிறவர்கள், எதைத் தொடமாட்டீர்கள் என்பதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், கூட வரும் பெரியவர்களையும் கேட்டு. வர முடியாதென்றால் முதல் நாள் இரவுக்குள் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு உங்கள் பங்கு மீனும் வாங்கியாகிவிடும். சாப்பிட்டு எழுந்ததும் குசினிப் பக்கம் ஒரு நிமிடம் போய், வடகம் இடித்தது யார் என்று கேட்டு, அவரிடமும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.